பூமிநாதன் காருக்கு மூக்கு மாற்றியது

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகைக் கார்கள் நிற்கும் வேப்பமரத்தடியில் பூமிநாதனுக்கென்று ஓர் இடம் இருந்தது. அது நிழல் விழாத இடம். நிழலான இடங்களை அம்பாசிடர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பூமிநாதன் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. அவர் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையாகப் பந்தியில் உட்கார்ந்தபோது சாம்பாரில் உப்பே இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். பக்கத்து இலையில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த தங்கச்செல்வி அதைப் பார்த்தாள். அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருமே வாயில்லாதவர்களாக இருந்தால் குடித்தனம் எப்படி நடக்கும் என்று அவளுடைய அம்மா கவலைப்பட்டாள். நடந்தது.

முதலில் அவர் ஒரு வத்தல் வியாபாரியிடம் வேன் ஓட்டினார். பரளச்சிப் பக்கம் மூட்டை ஏற்றி விருதுநகரில் இறக்குவது வேலை. வியாபாரி வேனை விற்றுவிட்ட வருஷம், லோன் போட்டு ஒரு பழைய மாருதி காரை வாங்கினார். வெள்ளை நிறம். வேப்பமரத்தடியில் அதற்குச் சோப்பு டப்பா என்று பெயர் வைத்தார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளின் செருப்புக்குக்கூட இடம் இல்லை என்றார்கள். முதல் ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மட்டும், அதுவும் வேறு கார் கிடைக்காவிட்டால், ஏறினார்கள்.

அந்தக் காருக்கு ஒரு குணம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் கல்யாணத் தரகர் தனுஷ்கோடி. அது சத்தம் போடாது.

இந்தப் பக்கம் பெண் பார்ப்பது இரண்டு தடவை நடக்கும். பூவும் பழமும் வாங்கிக்கொண்டு ஆள் கூட்டிப் போய் உட்கார்ந்து காபி குடிப்பது இரண்டாவது தடவை. அதற்கு முன்னால் ஒருத்தருக்கும் தெரியாமல் ஒன்று நடக்கும். பெண் சொல்லிவைத்த நேரத்தில் தையல் கடைக்கோ கோயிலுக்கோ வருவாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு வேலையாகப் போகிறவர்கள்போல அந்த வழியே போவார்கள். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் போன மாதிரியே போய்விடலாம், பெண்ணுக்கு ஒரு சொல் வராது. பூப்பழத்தோடு ஊரறிய வந்து காபி குடித்தவர்கள் சொல்லியனுப்புகிறோம் என்று போய், சொல்லியனுப்பாமல் விட்டால், அந்தப் பெண் அப்புறம் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது.

அம்பாசிடர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் யார் வீட்டுக்கு என்று பார்க்க வாசலுக்கு வாசல் ஆள் நிற்கும். பூமிநாதனின் மாருதி ஆடு போகிற மாதிரிப் போய் ஆடு வருகிற மாதிரி வந்தது. ஓட்டுகிறவரும் அதற்கு ஏற்றவராக இருந்தார். பின்சீட்டுப் பேச்சுக்கு அவர் தலை திரும்பாது. யாரைக் கூட்டிப் போனோம், யாரைப் பார்த்தார்கள் என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். காரைத் துடைக்கும்போது கிடைக்கிற ஹேர்பின்னையும் வாடிய மல்லிகையையும் வைத்துத் தங்கச்செல்விக்குப் பாதி தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டிலிருந்து பத்திரிகை வரும்போது, அப்படியா, எப்போ முடிவாச்சு என்று ஆச்சரியப்படுவாள். அதில் அவள் நன்றாகத் தேறிவிட்டாள். சில தடவை, குடும்பமாகப் போகிற மாதிரி இருக்கட்டும் என்று தனுஷ்கோடி அவளையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார். அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கு அது வந்தது.

தனுஷ்கோடியின் சவாரிகளில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. மற்ற சவாரிகளில் வந்தது எண்ணெய்க்கும் டயருக்கும் சரியாகப் போனது. இது இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் முகம்மது ரபீக் துபாயிலிருந்து லீவில் வந்தான். பூமிநாதனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். கல்யாணம் முடித்துத் திரும்பப் போவதாக இந்தத் தடவை நீண்ட லீவு. பூமிநாதனுக்கு ஒரு சாமான் கொண்டுவந்திருந்தான். மற்றவர்களுக்குச் சென்ட்டு, கைலி, தைலம். பூமிநாதனுக்கு மட்டும் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கூம்பு வடிவத்தில், சிவப்பாக, மினுமினுக்கிற மூடியோடு ஒன்று இருந்தது. கோயில் கலசத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது.

"ஏர் பில்டருலே. கம்பெனி போட்டது மூக்கடைச்சவன் மூச்சு விடுற மாதிரி. இதைப் போட்டா வண்டி காத்தை அப்படியே இழுக்கும். பிக்கப்பு கூடும், பெட்ரோலு மிச்சமாகும். அங்க ஓடுற வண்டி பூராம் இதுதான்."

பூமிநாதன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது அப்போது அவரிடம் இல்லை.

அருப்புக்கோட்டையில் முனீஸ்வரன் என்று ஒரு மெக்கானிக். மாருதி வண்டிகளுக்கு அவர்தான். ரபீக்கும் பூமிநாதனும் அங்கே போனார்கள். பிறகு ரபீக் அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டியதால் நடந்தது தங்கச்செல்விக்கும் தெரியும். முனீஸ்வரன் கூம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வண்டியின் கார்புரேட்டர் வாய் இத்தனூண்டுதான் என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார். சின்னப் பிள்ளைக்குப் பெரிய செம்பைக் கொடுத்தால் கூடக் குடித்துவிடுமா என்று கேட்டிருக்கிறார். கார் பூமிநாதனுடையது, சாமான் துபாய் சாமான், பொருத்துவது தன் வேலை என்று அதற்கு மேல் பேசவில்லை. கூம்புக்கும் கார்புரேட்டருக்கும் அளவு சேரவில்லை. நடுவில் பம்புசெட்டு ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை வைத்துக் கிளிப் போட்டு முறுக்கினார். கழற்றிய கம்பெனிப் பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். கறுப்புத் தகரத்தில், வட்டமாக, மூடியில்லாத சம்படம் மாதிரி இருந்தது. தங்கச்செல்வி அதை வாங்கிக் கொல்லையில் விறகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெட்ரோல் மிச்சமாகிறதா என்று சோதித்தார்கள். டேங்கை மூடிவிட்டு ஒரு பாட்டிலில் ஒரு லிட்டர் ஊற்றிக் குழாய் கொடுத்து, வண்டி நிற்கும்வரை ஓட்டுவது. பழைய பெட்டியோடு முன்பு எந்தப் பாலத்தில் நின்றதோ அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. எஞ்சினுக்குப் புதுக் காற்று பழக வேண்டும் என்றான் ரபீக். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பிக்கப்பு கூடியதா என்பதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கூடின மாதிரி இருந்தது. ஏனென்றால் சத்தம் கூடியிருந்தது. சமமான ரோட்டில் மெதுவாகப் போனால் பழைய கார்தான். மிதித்தால், அதிலும் மேட்டில் இரண்டாவது கியரில் ஏறும்போது, அடித்தொண்டையிலிருந்து ஓர் இரைச்சல் எடுத்தது. ரப்பர் குழாய் வேறு சேர்ந்து அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அவ்வளவு சிறிய காரிலிருந்து வருவதாக யாரும் நம்ப மாட்டார்கள். வேப்பமரத்தடியில் அம்பாசிடர்காரர்கள் முதல் தடவையாகப் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ரபீக் திறந்து காட்டினான்.

தங்கச்செல்வியைக் கேட்டிருந்தால் பில்டர் நல்லது என்றுதான் சொல்லியிருப்பாள். முன்பெல்லாம் அவர் எப்போது வருவார் என்று தெரியாமல் குழம்பை நாலு தடவை சுடவைப்பாள். இப்போது கார் குண்டாற்றுப் பாலத்து மேட்டில் ஏறும்போதே கேட்டுவிடும். அடுப்பைப் பற்றவைத்தால் சரியாக இருக்கும். அவளை யாரும் கேட்கவில்லை.

தனுஷ்கோடி அந்த வாரம் ஊரில் இல்லை. வந்ததும் நேராகக் காரில் வந்து ஏறினார். மல்லாங்கிணற்று மளிகைக்கடை ராஜகுருவின் மகன் சங்கருக்குப் பெண் பார்க்க வேண்டும். பெண், பரளச்சியைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் இருக்கும் சண்முகவடிவு. ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து பூப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பாமல் போன பெண். இந்தத் தடவை காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது என்று பெண்ணின் அப்பா தனுஷ்கோடியிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். பெண் வத்தல் அரைக்க மாவு மில்லுக்கு வருவாள். கார் மில்லைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அவ்வளவுதான்.

முன்சீட்டில் சங்கர். பின்சீட்டில் சங்கரின் அம்மா, தனுஷ்கோடி, நடுவில் தங்கச்செல்வி. பட்டுச்சேலை வேண்டாம் என்று சொல்லியும் சங்கரின் அம்மா கேட்கவில்லை. சங்கர் பவுடர் போட்டிருந்தான். தார் ரோட்டில் எல்லாம் நன்றாகவே போனது. பூமிநாதன் பூப்போல மிதித்தார். இரைச்சல் லேசாக வந்தபோது தனுஷ்கோடி, வண்டிக்குச் சளியா என்று கேட்டார். பூமிநாதன் இல்லை என்று தலையசைத்தார். மேற்கொண்டு விளக்கவில்லை.

அந்த ஊருக்குக் கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். மெதுவாகப் போனால் சத்தம் வராது. மெதுவாகப் போனால் கரை ஏறாது. பூமிநாதன் அடிவாரத்தில் ஒரு கணம் நிறுத்தினார். தங்கச்செல்வி கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டாவது கியரைப் போட்டு மிதித்தார்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. மூன்றாவது வருஷமாக மழை இல்லை. மரமும் இல்லாத கரிசல்காடு, சத்தத்தைத் தடுக்க எதுவும் கிடையாது. அந்த ஊருக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. என்றைக்கு வரும் என்று லாரிக்கே தெரியாது. இரண்டாவது கியரில் கண்மாய்க்கரை ஏறும் இரைச்சல்தான் அந்த ஊர்ப் பெண்களுக்குத் தகவல்.

கார் கரையிலிருந்து இறங்கித் தெருவுக்குள் நுழையும்போது ஊர்ப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வெளியே நின்றார்கள். தெருவை அடைத்து வரிசை. பச்சை, சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக் குடங்கள். பின்னால் இன்னும் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பூமிநாதன் வண்டியை நிறுத்தினார். வேறு வழி இல்லை.

முதல் குடத்துக்காரி குனிந்து உள்ளே பார்த்தாள். "லாரி எங்கய்யா?"

பூமிநாதன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரியும் இல்ல பூரியும் இல்ல. இந்தச் சோப்பு டப்பாதான் கத்திக்கிட்டு வந்திருக்கு" என்றாள் பின்னால் ஒருத்தி. அதற்குள் இன்னொருத்தி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பட்டுச்சேலையைப் பார்த்துவிட்டாள். யாரு வீட்டுக்கு வந்திருக்காக என்று வரிசை நெடுகக் கேள்வி போனது.

தனுஷ்கோடி தலையை வெளியே நீட்டி, மல்லி மூட்டை விலை விசாரிக்க வந்தோம் என்றார்.

"மல்லி விசாரிக்கப் பவுடர் போட்டுக்கிட்டு வருவாகளாக்கும்" என்றாள் முதல் குடத்துக்காரி. சங்கர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். அது இன்னும் மோசமாகப் போனது.

வரிசையில் நாலாவதாக ஒரு பெண் நின்றாள். இரண்டு இடுப்பிலும் குடம். முகமெல்லாம் வத்தல் பொடி, கண் சிவந்து தும்மிக்கொண்டே இருந்தாள். மில்லில் அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். தனக்கு முன்னால் நுழையப் பார்த்த ஒரு பெரிய மனுஷியை முழங்கையால் தள்ளி, எங்குடம் மொதல்ல வந்துச்சா ஒங்குடம் மொதல்ல வந்துச்சா என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டதிலிருந்து அதுதான் சண்முகவடிவு என்று தங்கச்செல்விக்குத் தெரிந்தது.

சற்று நேரத்தில் அந்தப் பெண்ணுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தும்மல் நின்றது. ஓடி ஒளிவாள் என்று தங்கச்செல்வி நினைத்தாள். அவள் குடங்களோடு காருக்கு நேரே வந்தாள். மறைவாகப் பார்க்கும்போது பெண் நிமிரக் கூடாது, மாப்பிள்ளைதான் பார்ப்பான். இவள் சங்கரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் பூமிநாதனிடம் திரும்பினாள்.

"அண்ணே, இப்படி இன்னும் ரெண்டு தடவ ஏமாத்திட்டுப் போனீகன்னா, நெச லாரி வாரப்ப ஒருத்தியும் எந்திரிச்சு வரமாட்டா. தெரிஞ்சுக்கங்க."

பூமிநாதன் தலையை ஆட்டினார். வரிசை வழிவிட்டது. திரும்பிப் போகவும் அதே கண்மாய்க்கரையைத்தான் ஏற வேண்டியிருந்தது.

மல்லாங்கிணற்றில் அம்மாவையும் மகனையும் இறக்கிவிட்ட பிறகு தனுஷ்கோடி பானெட்டைத் திறக்கச் சொன்னார். சிவப்புக் கூம்பைப் பார்த்தார்.

"ஏப்பா பூமி, நான் தரகு பாக்குறவன். தண்டோரா போடுறவன் இல்ல. இதைக் கழட்டிட்டுச் சொல்லி விடு. அதுவரைக்கும் நான் வேற வண்டி பாத்துக்கிருதேன்."

அத்தனைக்குப் பிறகும் சண்முகவடிவுக்கும் சங்கருக்கும் பேசி முடிந்துவிட்டது. வரிசையில் இடத்தை விட்டுக்கொடுக்காதவள் கடைக் கல்லாவில் தாராளமாக உட்காரலாம் என்று சங்கரின் அம்மாவுக்குப் பட்டிருந்தது. மாப்பிள்ளையை ஊரே கண்ணாடி வழியாகப் பார்த்து, காது பெரிசு, மற்றபடி பரவாயில்லை என்று முடிவு சொல்லிவிட்டதால், மொட்டைக்கடுதாசி போடவும் யாருக்கும் விஷயம் இருக்கவில்லை. முடித்துவைத்த பெயரைத் தனுஷ்கோடி எடுத்துக்கொண்டார். ஆனாலும் காரியாபட்டியில் வேறொரு மாருதியைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை தப்பித்தால் எல்லாத் தடவையும் தப்பிக்கலாம் என்று நினைக்கிற தரகர் இல்லை அவர்.

பூமிநாதன் வெயிலில் நின்றார். சவாரி இல்லாதபோது காரைத் துடைத்தார். துடைத்த காரையே மறுபடி துடைத்தார். கழற்றுவது அரைமணி நேர வேலை. அதற்கு முன்னால் ரபீக்கிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரபீக்கோ தினமும் வேப்பமரத்தடிக்கு வந்து பானெட்டைத் திறந்து, மஞ்சள் துணியால் கூம்பைத் துடைத்துவிட்டுப் போனான். ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லிவிட்டு வருவதாகப் பூமிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். தூக்குவாளியில் பிரியாணியோடு திரும்பிவந்தார். தங்கச்செல்வி தட்டை எடுத்து வைத்தாள். சொன்னீகளா என்று கேட்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது.

தூக்குவாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவித்த மொச்சையைப் போட்டு எடுத்துக்கொண்டு மறுநாள் அவள் ரபீக் வீட்டுக் கொல்லை வழியே போனாள். உள்ளே அம்மாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ரபீக்குக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பெண். மூத்தவளுக்கு ஆகாமல் இளையவளைக் கேட்பதால் அந்த வீட்டில் ரொம்ப ரகசியம். ரபீக்கின் அம்மா சர்புன்னிசாவும் அக்காவும் மட்டும் உறவுக்காரர்களைப் பார்க்கிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பஸ்ஸில் போவதாகச் சர்புன்னிசா சொல்லிக்கொண்டிருந்தார். பூமி காரு இருக்கையில் எதற்கு வெயிலில் பஸ்ஸு என்று ரபீக் கோபித்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காருலயா? நாங்க இறங்குறதுக்குள்ள அடுத்த வீட்டுக்காரி வந்து, வாங்கன்னு கதவத் திறந்து விடுவா" என்றார் சர்புன்னிசா.

தங்கச்செல்வி வாளியை அடுக்களைப் படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பிவந்தாள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பூமிநாதன் ரபீக்கை அவமானத்திலிருந்து காப்பாற்ற வேறு ஏதாவது யோசிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் ரபீக் வந்தான். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். டயரை உதைத்துப் பார்த்தான்.

"ஏலே பூமி. அந்தப் பழைய டப்பா இருக்கா?"

"இருக்கு."

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் அதை மாட்டிக்கிருவமா? அம்மா அருப்புக்கோட்டை போகணும்ங்குது. அதுக்கு இரைச்சலு ஆகாது. தலைவலி."

"சரி" என்றார் பூமிநாதன்.

டப்பா விறகுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் கருப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வட்டமாக, ஆழமாக, வெயில் படாமல் இருந்ததால் அதுவே தேர்ந்தெடுத்த இடம். தங்கச்செல்வி கூடை ஒன்றில் மண்ணும் வைக்கோலும் போட்டு முட்டைகளை மாற்றிவைத்தாள். கோழி அவள் கையில் இரண்டு இடத்தில் கொத்தியது. ஆண்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று, பார்த்துப் பார்த்து என்றார்கள். டப்பாவைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் ரபீக்கும் சேர்ந்து அருப்புக்கோட்டைக்குப் போனார்கள். பெண் வீட்டு வாசல் திறக்கும்வரை தெருவில் நிற்க வேண்டாம் என்று தங்கச்செல்வியும் சர்புன்னிசாவும் ரபீக்கின் அக்காவும் முனீஸ்வரனின் பட்டறையிலேயே காத்திருந்தார்கள். முனீஸ்வரன் கூம்பைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து எடுத்தார். விரல் நுனியில் கரிசல் மண் மாவாக ஒட்டியிருந்தது. துபாயில் இது எப்படியோ, இந்தக் காட்டுக்கு இது பற்றாது, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்திருக்கும் என்றார். யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பழைய பெட்டிக்குப் புது அட்டை பில்டர் போட்டு மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கார் ஓடுகிறதா என்று ரபீக்கின் அக்கா கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது.

பூமிநாதன் கூம்பை அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ரபீக்கிடம் நீட்டினார். நீட்டின கை இறங்கவில்லை. தங்கச்செல்வி கவனித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வச்சுக்க ரபீக்கு. ஒனக்கு அங்க ஆகும்."

ரபீக் பெட்டியைப் பார்த்தான். "அங்க எங்கிட்ட ஏதுலே காரு. நான் பஸ்ஸுலதான் போறேன் வாரேன். இது விக்கிற கடையில மூட்டை தூக்குறேன். ஒரு நாளு போட்டு ஓட்டிப் பாக்கணும்னு ஆசை. ஒன் காருதான் இருந்துச்சு."

முனீஸ்வரன் ஸ்பேனரைத் துடைத்தார். இனி அது காரில் திரும்பவும் ஏறிவிடும், தனுஷ்கோடி காரியாபட்டியோடு போய்விட்டார் என்று தங்கச்செல்வி நினைத்தாள். பூமிநாதன் நீண்ட நேரம் யோசித்தார். அவர் யோசிப்பது கழுத்தில் தெரியும்.

"ஒங் கல்யாணத்தன்னைக்குப் போட்டுக்கிருவோம்" என்றார். "அன்னைக்கு ஊருக்குத் தெரியணும்ல."

ரபீக் சிரித்தான். பெட்டியை முனீஸ்வரனின் அலமாரியில் வைத்தார்கள்.

அன்று சர்புன்னிசா இறங்கியதையும் ஏறியதையும் அந்தத் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பூமிநாதன் எல்லாத் தெருவிலும் இரண்டாவது கியரிலேயே போனார். கொட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், தங்கள் சத்தம் எடுபடவில்லை என்று. மறுநாளே கழற்றிவிட்டார். ஆனால் பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு, காதுகுத்துக்கு, தேர்தலில் ஜெயித்தவர் ஊருக்குள் வருவதற்கு, அந்தக் கத்துகிற காரு வேண்டும் என்றார்கள். முதல் நாள் போய் மாட்டிக்கொண்டு வருவார். மண்ரோடு வேண்டாம், ஊருக்குள் மட்டும் என்று முனீஸ்வரன் சொல்லியிருந்தார். அது ஒன்றைத்தான் பூமிநாதன் வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார்.

கழற்றியாயிற்று என்று தனுஷ்கோடிக்கு அவராகச் சொல்லி அனுப்பவில்லை. தங்கச்செல்வி சந்தையில் தனுஷ்கோடியின் மனைவியைப் பார்த்தபோது, இப்போதெல்லாம் தன் வீட்டுக்காரர் வருவது கேட்காமல் குழம்பு ஆறிப்போகிறது என்று சலித்துக்கொண்டாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் தனுஷ்கோடி வேப்பமரத்தடிக்கு வந்தார். நிழலில் நின்றிருந்த அம்பாசிடர்களைத் தாண்டி வெயிலுக்கு நடந்துவந்தார். பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"இன்னைக்கு எந்த மூக்கு?"

"பழசு" என்றார் பூமிநாதன்.

தனுஷ்கோடி பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எந்த ஊர் என்று பூமிநாதன் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் தனுஷ்கோடியே சொன்னார்.